நெட் வரலைன்னா எது வரலை?

உறவில் யார் வீட்டில் இணையம் நின்றாலும் எனக்கு போன் வரும். "தம்பி, நெட் வரலைப்பா." தகவல் அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் கேள்வி மேல் கேள்வி கேட்பேன், அவர்கள் ஹாலுக்கும் ரூமுக்கும் நடப்பார்கள்.

கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் அறுந்தாலும் நெட் வரலைதான். ரவுட்டரின் அடாப்டர் போய்விட்டாலும் அதேதான். போன் வைஃபையில் சேர்ந்துவிட்டது, ஆனால் அதற்கு ஐபி முகவரி கிடைக்கவில்லை என்றாலும் நெட் வரலை. டிஎன்எஸ் படுத்துவிட்டாலும் நெட் வரலை. மாதக் கட்டணத்துக்கான கெடு முந்தாநாள் முடிந்திருந்தாலும் நெட் வரலை. இதில் ஒவ்வொன்றையும் சரிசெய்கிற ஆள் வேறு, செலவு வேறு, ஆகிற நேரமும் வேறு. எது என்று சொல்லத் தெரியாத வீட்டில்தான் தேவையில்லாத புது ரவுட்டரையும் தேவையில்லாத மேல் பிளானையும் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் இந்தப் பதிவை எழுதுகிறேன். இதிலுள்ள சொற்கள் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டுமானவை அல்ல. மாதாமாதம் பணம் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் உரியவை.

தெருவிலிருந்தே ஆரம்பிக்கலாம். இப்போது நம் ஊர்களில் பெரும்பாலான புது இணைப்பு ஃபைபர்தான். சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியை மோடம் என்கிறோம், ரவுட்டர் என்கிறோம், சில வீடுகளில் வைஃபை பாக்ஸ் என்கிறார்கள். ஃபைபர் வந்து சேருகிற அந்தப் பெட்டிக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஓஎன்டி. சிலர் ஓஎன்யூ என்பார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒளியை மின் சிக்னலாக மாற்றுவதுதான் அதன் வேலை. பெரும்பாலான வீடுகளில் அந்த ஒரே பெட்டிக்குள் நான்கு வேலையாட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒளியைப் படிக்கிற ஓஎன்டி ஒன்று. வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே போக்குவரத்தைப் பிரித்து அனுப்புகிற ரவுட்டர் ஒன்று. பின்னால் இருக்கும் நான்கு துளைகளை இணைக்கிற சுவிட்ச் ஒன்று. காற்றில் அனுப்புகிற வைஃபை ஆக்சஸ் பாயின்ட் ஒன்று. இந்த நான்கில் யாரிடம் கோளாறு என்று பார்ப்பதுதான் மொத்த விஷயமும்.

ஃபைபரில் பரவலாக இருக்கும் முறைக்கு ஜிபான் என்று பெயர். கம்பெனியிலிருந்து ஒரு இழை கிளம்பி வருகிறது. தெருவில் ஸ்பிளிட்டர் என்ற சின்ன டப்பா அதிலுள்ள ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. வீட்டை நோக்கி வருகிற ஒளி 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போகிற ஒளி 1310 நானோமீட்டர். ஒரே இழையில் இரண்டும் முட்டாமல் ஓடுவது இந்த வித்தியாசத்தால்தான். ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். அதனால் தெருவில் கரண்ட் போனாலும் ஃபைபரில் ஒளி வந்துகொண்டேதான் இருக்கும், கம்பெனி முனையில் பேக்கப் இருந்தால் போதும். இந்தப் பக்கம் உங்கள் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்து அதற்கேற்ற மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால், பவர்கட் நேரத்திலும் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு நிற்காது. வீட்டு இணையத்துக்கு நான் மனதாரச் சிபாரிசு செய்கிற செலவு இது.

பெட்டியின் முன்பக்கத்தில் வரிசையாக விளக்குகள் இருக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பான் என்று ஒன்று, எல்ஓஎஸ் என்று ஒன்று. பான் விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் கம்பெனியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது என்று பொருள். விட்டு விட்டு மின்னினால் பேச முயன்றுகொண்டிருக்கிறது. எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. சிவப்பு எரியும்போது ரவுட்டரை அணைத்துப் போடுவதால் எந்தப் பயனும் இல்லை, வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதாலும் இல்லை. மஞ்சள் ஃபைபர் வயர் பெட்டிக்குள் செருகியிருக்கிற இடத்தையும், பீரோ இடுக்கில் அது நசுங்கியிருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பாருங்கள். இல்லையென்றால் கோளாறு வெளியே. மரக்கிளை முறிந்திருக்கும், உயரமாக லோடு ஏற்றிய லாரி இழுத்திருக்கும், அணில் கடித்திருக்கும். புகார் கொடுக்கும்போது "நெட் வரலை" என்று சொல்லாமல் "எல்ஓஎஸ் ரெட்டா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். "ரீஸ்டார்ட் பண்ணீங்களா சார்" என்ற கேள்வியைத் தாண்டி நேரே வயர்மேன் வரைக்கும் பேச்சு போய்விடும்.

விளக்கு பச்சைதான், ஆனாலும் அடிக்கடி கட் ஆகிறது என்றால் பார்க்க வேண்டியது ஒளியின் அளவு. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் (பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பல பெட்டிகளில் வரும், வராவிட்டால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்) ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும், டிபிஎம் கணக்கில். எப்போதும் மைனஸில்தான் காட்டும். மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 வரை தாங்கும். மைனஸ் 20 வாக்கில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தக் கணக்கில் 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். போன மாதம் மைனஸ் 19, இந்த மாதம் மைனஸ் 26 என்றால் வந்த ஒளி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. எங்கோ வயர் கூர்மையாக மடிந்திருக்கிறது, அல்லது இணைப்பு முனையில் அழுக்கு. இந்த எண்ணை வயர்மேனிடம் சொன்னால் அவர் உங்களை வேறு மாதிரி நடத்துவார், நீங்களே பார்ப்பீர்கள். ஒரு எச்சரிக்கை: ஃபைபர் முனையைக் கழற்றி அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வயரைக் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கள்.

அடுத்தது வேகம். அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். பிளானில் போட்டிருக்கும் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். நீங்கள் டவுன்லோடு செய்யும் கோப்பின் அளவு மெகாபைட்டில் இருக்கும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆக, 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட். ஒரு ஜிபி படம் இறங்க, எல்லாம் கூடி வந்தாலும், 80 நொடி ஆகும். "நூறு கட்டுறேன், பன்னிரண்டுதான் காட்டுது" என்று சண்டைக்குப் போவதற்கு முன் இந்த எட்டால் வகுக்கிற கணக்கைப் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் தாராளமாகச் சண்டை போடலாம்.

பெரியப்பா வீட்டில் 200 எம்பிபிஎஸ் பிளான். எப்போது ஸ்பீட் டெஸ்ட் போட்டாலும் 94. காலையில் 94, ராத்திரியில் 94. பார்க்க வந்த சர்வீஸ் ஆள், "வைஃபைன்னா அப்படித்தான் சார், 300 பிளானுக்கு மாறிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெரியப்பாவும் பணம் கட்டத் தயாராகிவிட்டார். எனக்கு அந்த 94 என்ற எண்தான் உறுத்தியது. வைஃபை கோளாறு என்றால் எண் ஏறி இறங்கும். ஒரே இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்காது. ஈதர்நெட் கேபிள் 100-ல் ஓடும்போது, தகவலோடு சேர்ந்து போகிற முகவரி விவரங்கள் போக மிஞ்சுவது ஏறக்குறைய 94. அவர் வீட்டில் ஹாலில் ஓஎன்டி, உள் அறையில் தனி ரவுட்டர், இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள்.

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். அதற்கு மேலே, ஜிகாபிட்டுக்கு, நான்கு ஜோடியும் வேண்டும். கூடுதலாகத் தேவைப்படும் அந்த இரண்டு ஜோடியில் ஒரு கம்பி தொடாவிட்டால்கூட, இரு பக்கப் பெட்டிகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும். நெட் நிற்காது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. முனையிலிருக்கும் கண்ணாடி நிற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எட்டுக் கம்பியும் ஒரே வரிசையில் நுனி வரை வந்திருக்க வேண்டும். அவர் வீட்டுப் பிளக்கில் பழுப்புக் கம்பி பாதி வழியிலேயே நின்றிருந்தது. முனையை வெட்டிவிட்டுப் புது பிளக் போட்டதும் 190-ஐத் தாண்டியது. பிளக்கின் விலை சில ரூபாய். மேல் பிளானுக்கு மாறியிருந்தால் மாதாமாதம் கூடுதலாகக் கட்டி, அதே 94-ஐத்தான் வாங்கிக்கொண்டிருப்பார். 300 என்ன, 1000 பிளான் போட்டாலும் அந்தக் கேபிள் விட்டிருக்காது.

அதனால் உங்கள் எண்ணும் 94, 95-ல் நின்றுபோனால் மூன்று இடங்களைப் பாருங்கள். கேபிள் முனை ஒன்று. கேபிளின் மேல் அச்சிட்டிருக்கும் கேட் 5இ அல்லது கேட் 6 என்ற குறி ஒன்று. ரவுட்டரின் துளைகள் ஜிகாபிட்டா, வெறும் 10/100 தானா என்பது ஒன்று. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் வைஃபை வேகம் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும், 10/100 என்பது பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும். 200 பிளான் விற்கிறவர்களே 10/100 பெட்டியைக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இது அநியாயம். கேட்டு மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

வைஃபைக்கு வருவோம். போனில் தெரியும் அந்த விசிறிக் குறி, போனுக்கும் ரவுட்டருக்கும் உள்ள நெருக்கத்தை மட்டும்தான் காட்டுகிறது. ரவுட்டருக்கு அப்பால் இணையம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். "சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா ஓடலை" என்றால் வைஃபையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

பெரும்பாலான ரவுட்டர்களில் இரண்டு அலைவரிசை உண்டு: 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ். (செல்போனின் 5ஜிக்கும் இந்த 5-க்கும் சம்பந்தமே இல்லை.) 2.4 சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் நெரிசல் அதிகம். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே மூன்றுதான். இருபது வீடுள்ள அபார்ட்மென்ட்டில் இருபது ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அவனும் அதே 2.4 பக்கத்தில்தான் வேலை செய்கிறது, சமைக்கும்போது படம் நின்று நின்று வருவதற்கு அதுவும் ஒரு காரணம். 5-ல் வேகம் அதிகம், இடமும் தாராளம். ஆனால் ஒரு காங்கிரீட் சுவரைத் தாண்டினால் பாதி, இரண்டைத் தாண்டினால் கேள்விக்குறி. ஆகவே ஹாலில் இருக்கிற டிவிக்கு 5, கடைசி ரூமிலும் மொட்டை மாடியிலும் இருக்கிற கேமராவுக்கு 2.4.

ரவுட்டரை எங்கே வைக்கிறோம் என்பது எந்தப் பிளானையும்விட முக்கியம். டிவிக்குப் பின்னால், லாஃப்ட்டுக்குள், இரும்பு பீரோவின் மேல் என்று வைத்துவிட்டு நெட் ஸ்லோ என்கிறோம். இரும்பும் தண்ணீரும் அலையை விடாது. வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வையுங்கள். பெரிய வீடு, மாடி வீடு என்றால், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற மலிவு ரிப்பீட்டரை விட, மாடிக்குக் கேபிள் இழுத்து இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட் போடுவதே மேல். அந்த ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இனி முகவரி. இணையத்தில் எல்லாக் கருவிக்கும் ஐபி முகவரி வேண்டும். பழைய முறையான ஐபிவி4-ல் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே பகிர்ந்து முடிந்துவிட்டது. அதனால்தான் வீட்டுக்குள் 192.168 என்று தொடங்குகிற உள்முகவரிகளை வைத்துக்கொண்டு, வெளியே ஒரே முகவரியில் பிழைக்கிறோம். திருவல்லிக்கேணிப் பக்கத்து ஒண்டிக்குடித்தன வீடு மாதிரி: வெளியே ஒரே கதவிலக்கம், உள்ளே எட்டுக் குடும்பம். வருகிற தபால் எந்தக் குடித்தனத்துக்கு என்று பார்த்துக் கொடுக்கிற வேலைக்கு நாட் என்று பெயர், அதைச் செய்வது ரவுட்டர். முகவரிகள் இன்னும் பற்றாமல் போனதால் பல கம்பெனிகள் தெரு முழுவதையும் ஒரே கதவிலக்கத்துக்குள் அடைத்துவிட்டன. அது சிஜிநாட். ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபி என்ற இடத்தில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்களும் அதற்குள்தான் இருக்கிறீர்கள். படம் பார்க்க, பேச, இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் சிசிடிவி ரெக்கார்டரை வெளியூரிலிருந்து பார்க்க "போர்ட் ஃபார்வர்டிங் போடுங்க" என்று யாராவது சொன்னால், அது சிஜிநாட்டில் வேலை செய்யாது. ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது புது முறையான ஐபிவி6 வழியாக, இல்லையென்றால் கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் போக வேண்டும்.

வீட்டுக்குள் முகவரி கொடுப்பவருக்கு டிஹெச்சிபி என்று பெயர். இதைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும்: கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை, அதுவாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது ரவுட்டரை அணைத்துப் போடுவது சரியான வைத்தியம்.

டிஎன்எஸ் பெயரை எண்ணாக மாற்றுகிறது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. அதற்கு முன் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு, அன்றைய வலையமைப்பில் இணைந்திருந்த எல்லாக் கம்ப்யூட்டரின் பெயரையும் எண்ணையும் ஒரே கோப்பில் எழுதிப் பராமரித்தது. நினைத்துப் பார்க்கவே பிரமிப்பாக இருக்கிறது. இன்று அந்த வேலையை உங்கள் கம்பெனியின் டிஎன்எஸ் செர்வர் செய்கிறது. அது படுத்துக்கொண்டால் இணையம் உயிரோடுதான் இருக்கும், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்தத் தளமும் வராது. வாட்ஸ்அப் செய்தி போகிறது, பிரவுசரில் எதுவும் திறக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இங்கே. ரவுட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போட்டுப் பாருங்கள். காசு கிடையாது.

பிங் என்பது போய்த் திரும்புகிற நேரம், மில்லிசெகண்டில். வீடியோ கால் திக்குவதற்கும் கேம் இழுப்பதற்கும் பொதுவாக இதுதான் காரணம், எம்பிபிஎஸ் இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 30 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். எவ்வளவு பணம் கட்டினாலும் ஒளியை அதற்குமேல் விரட்ட முடியாது. கேம் செர்வர் சிங்கப்பூரில் இருக்கும்போது பிங் 40 என்றால் உங்கள் இணைப்பு அருமையாக இருக்கிறது, பையன் சொல்வதைக் கேட்டுப் பிளானை மாற்றாதீர்கள். ஆனால் ரவுட்டருக்கே பிங் அடித்தால் 100, 200 என்று ஏறி இறங்குகிறது என்றால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையில்.

கடைசியாக, நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம். உங்கள் ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. வைஃபையில் சேர ஒன்று, விருந்தாளிக்குச் சொல்வோமே, அது. ரவுட்டரின் உள்ளே போய் எல்லாவற்றையும் மாற்றுவதற்கு இன்னொன்று, அட்மின் பாஸ்வேர்டு. முதலாவதை எல்லாரும் மாற்றுகிறோம். இரண்டாவது பல வீடுகளில் பெட்டி வந்த நாளிலிருந்து அட்மின், அட்மின் என்றே இருக்கிறது. 2016-ல் மிராய் என்ற வைரஸ், இப்படிக் கம்பெனி வைத்த பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அதன் கையிலிருந்தது அறுபது சொச்சம் வழக்கமான பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அந்தக் கருவிகளைக் கொண்டு தாக்கி, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரைக்கும் திணறவைத்தார்கள். தாக்கியது யாரோ, ஆனால் ஆயுதமாக இருந்தவை சாதாரண வீட்டுப் பெட்டிகள். அந்த வீட்டுக்காரர்களில் பலருக்கு அது தெரியவே இல்லை.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். கையோடு வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-ல் இருக்கிறதா பாருங்கள், டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். உள்ளே போக முடியாமல் கம்பெனி பூட்டியிருந்தால், கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள். புதுப் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.